காசநோய் மாத்திரை இரண்டாம் மாதத்தோடு ஏன் நின்றுபோகிறது?

காசநோய்க்கு மருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனையில் காசு வாங்காமல் கொடுக்கிறார்கள், ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்தில் முழுசாகக் குணமாகிவிடும். இவ்வளவு இருந்தும் ஆட்கள் ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று எங்கள் மாவட்டத்தில் யாரிடம் கேட்டாலும், "பொறுப்பு கிடையாது", "குடிகாரன், அவன் எங்க மாத்திரை போடப்போறான்", "படிப்பறிவு இல்ல" என்று இந்த மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும். படிப்பறிவு என்று எடுத்துக்கொண்டால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமான மாவட்டம் கன்னியாகுமரிதான், ஏறக்குறைய 92 சதவீதம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் இங்கே மாத்திரையை நிறுத்துகிறார்கள். அதனால் இந்தப் பதில்களை நான் ஏற்பதில்லை. நிறுத்துகிறவர்கள் அநேகமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் நிறுத்துகிறார்கள், அந்தக் கணக்கு எப்போது போடப்படும் என்பதை முதல் நாளே ஓரளவு சொல்லிவிடவும் முடியும். இதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் சிகிச்சை எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். சாதாரணக் காசநோய்க்கு 24 வாரம், அதாவது 168 நாள் மருந்து. முதல் 56 நாள் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பூட்டால் என்று நான்கு மருந்தும் ஒரே மாத்திரைக்குள் இருக்கும். அடுத்த 112 நாள் பைரசினமைடு போக மீதி மூன்று. ஆளின் எடையைப் பார்த்து ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று முடிவு செய்வார்கள், நடுத்தர எடையுள்ளவருக்கு மூன்றோ நான்கோ வரும். முன்பு வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், 2017க்குப் பிறகுதான் நாடு முழுக்க தினசரி மாத்திரை என்று ஆனது.

ஏன் இவ்வளவு நாள்? காசநோய்க் கிருமிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு கூட்டம் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும், இருமல், காய்ச்சல், சளியில் ரத்தம், மெலிவு எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான். மருந்து ஆரம்பித்த சில வாரங்களிலேயே அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி செத்துவிடும். இன்னொரு கூட்டம் பெருகாமல், அசையாமல், நுரையீரலுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். பெருகுகிற கிருமியைத்தான் பெரும்பாலான மருந்துகள் சுலபமாகத் தாக்கும், உறங்குகிற கிருமி எப்போது கண் விழிக்கிறதோ அப்போதுதான் மாட்டும். அது ஒவ்வொன்றாக விழிக்க விழிக்க மருந்து உடம்பில் காத்திருக்க வேண்டும், அதற்குத்தான் மீதி நான்கு மாதம். நோயாளியின் உடம்புக்கு இந்த இரண்டாவது கூட்டம் இருப்பதே தெரியாது, ஏனென்றால் அது எந்தத் தொல்லையும் தருவதில்லை. ஆக, உடம்பு தரும் சேதியும் டாக்டர் தரும் சேதியும் இரண்டு மாதம் முடிகிற சமயத்தில் நேர் எதிராகப் போய்விடுகின்றன. உடம்பு சரியாகிவிட்டது என்று உடம்பே சொல்கிறது. இன்னும் நான்கு மாதம் என்று ஒரு சிகிச்சை அட்டை சொல்கிறது. யார் எதை நம்புவார்கள்?

இதையே இப்போது கடற்கரையில் வைத்துப் பாருங்கள். நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று மேற்குக் கடலோரம் முழுக்க ஆழ்கடலுக்குத் தங்கல் போகிறவர்கள். கொச்சியில் இருந்தோ முனம்பத்தில் இருந்தோ படகு ஏறினால் வாரக்கணக்கில் கடலில்தான் இருப்பார்கள், ஒரு மாதத்தைத் தாண்டுவதும் உண்டு. இந்தக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். ஆள் ஊரில் இருப்பது அந்த நாட்களில்தான், ஆறேழு மாதமாக இழுத்துக்கொண்டு வந்த இருமலுக்கு வீட்டில் சொல்லிச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளி கொடுப்பதும் அப்போதுதான். ஜூன் முதல் வாரத்தில் காசநோய் என்று தெரிந்து மருந்து தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 56 நாள் கச்சிதமாகத் தடைக்காலத்துக்குள் அடங்கிவிடும். ஒரு நாளும் தவறியிருக்க மாட்டார், வீட்டில் மனைவி எடுத்துக் கொடுத்திருப்பார், மருந்து கொடுக்கிற ஊழியர்கள் அவரைப் பார்த்து இப்படி ஒரு நல்ல நோயாளியா என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆகஸ்ட் பிறக்கிறது. இருமல் இல்லை, கஞ்சி குடித்தவர் இப்போது சோறும் மீன்கறியும் சாப்பிடுகிறார், எடை கூடியிருக்கிறது. தடை நீங்கின கையோடு வருகிற நாட்கள்தான் வருஷத்திலேயே நல்ல மீன்பாடு கிடைக்கிற நாட்கள். இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் வட்டிக்கு வாங்கித் தின்ற குடும்பம். படகுக்காரர் கூப்பிடுகிறார்.

அவர் போகாமல் இருக்க முடியுமா? மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாமே என்று சொல்வது சுலபம். படகில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு சின்ன அறைக்குள் நெருக்கிப் படுக்கிறார்கள். பையில் இருந்து தினமும் அந்த மாத்திரை அட்டையைப் பிரித்து விழுங்கினால் இரண்டாம் நாளே கேள்வி வரும், மூன்றாம் நாள் எல்லாருக்கும் தெரியும், அடுத்த தங்கலுக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள். உண்மையில் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவரிடம் இருந்து, முதல் சில வாரங்கள் கழிந்தபின் நோய் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும், மருந்தை நிறுத்தினவர்தான் மறுபடி பரப்புவார். இது படகில் இருக்கிற மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தால் கதையே வேறு. ஆனால் தெரியாது. அதனால் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார். ஒரு மாதம் தொடர்ந்து மருந்து எடுக்காவிட்டால் பதிவேட்டில் சிகிச்சையை விட்டுப்போனவர் என்று எழுதிவிடுவார்கள். ஒரே ஒரு நீளமான தங்கல் போதும் அதற்கு. கிழக்கே சின்னமுட்டம் பக்கம் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அங்கேயும் தேதி மட்டும்தான் மாறும்.

மறதி, அலட்சியம் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. வருமானத்தையும் கௌரவத்தையும் ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டில் தொல்லையே தராத ஒரு நோயை வைத்துப் பார்த்து, ஒரு மனுஷன் எடுக்கிற முடிவு. முடிவு தப்பு, அதில் சந்தேகமே இல்லை, ஆனால் அவருக்குத் தெரிந்த தகவல்களை வைத்து வேறு யாராக இருந்தாலும் அதையேதான் எடுத்திருப்பார்கள்.

சரி, எல்லாரும் இரண்டு மாதம் வரை தாக்குப்பிடிப்பதில்லை. முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய காரணம் அநேகமாக மாத்திரைதான்.

ரிஃபாம்பிசின் உள்ளே போன சில மணி நேரத்தில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகிவிடும், சிலருக்குச் சிவப்பாகவே தெரியும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறும். இதனால் ஒரு கெடுதலும் இல்லை, மருந்தின் நிறம், அவ்வளவுதான். ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், ஏற்கெனவே சளியில் ரத்தம் பார்த்துப் பயந்து போயிருக்கிற ஆள் இதையும் ரத்தம் என்றுதான் நினைப்பார். எங்கள் தெருவில் ஒரு அக்கா, முந்திரி ஆலைக்குப் போகிறவர், அண்டி ஆபீஸ் என்றுதான் இங்கே சொல்வோம், மாத்திரை தொடங்கிய மறுநாள் காலையில் எங்கள் அம்மாவிடம் வந்து, "உள்ள எதோ அறுந்து போச்சு, ரத்தமாட்டு போவுது" என்று அழுதார். அம்மாவுக்கும் தெரியவில்லை. அன்றைக்கு மாத்திரை போடவில்லை, அடுத்த நாளும் போடவில்லை. மூன்றாவது நாள் கிராம சுகாதாரச் செவிலியர் வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தபோது கேட்டு, ஒரே நிமிஷத்தில் விஷயத்தைச் சொல்லி, அங்கேயே மாத்திரையை விழுங்க வைத்தார். அந்த ஒரு நிமிஷப் பேச்சு முதல் நாள் நடந்திருக்க வேண்டியது.

குமட்டல் இன்னொரு பெரிய காரணம். வெறும் வயிற்றில் போட்டால் மருந்து நன்றாக ஏறும் என்பதால் காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் என்று சொல்லி அனுப்புவார்கள். கீரிப்பாறை, குலசேகரம், ஆறுகாணி பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். வெறும் வயிற்றில் மூன்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு சரிவில் மரத்துக்கு மரம் ஏறி இறங்கினால் என்ன ஆகும்? வாந்திதான். வாந்தி எடுத்தால் அன்றைய மரங்கள் பாக்கி, கூலி குறையும். இரண்டு நாள் பார்ப்பார், மூன்றாம் நாள் மாத்திரை போடாமல் வேலைக்குப் போவார், வாந்தி இருக்காது, கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. இத்தனைக்கும் குமட்டல் உள்ளவர்கள் கொஞ்சம் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடலாம், இரவு படுக்கும் முன் போடலாம், எந்த நேரமானாலும் தினமும் ஒரே நேரம் என்றால் போதும். இதை மாற்றிக்கொள்ள டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் ஆகிவிடும். கேட்பதற்கு ஆளுக்குத் தைரியம் வராது, வந்தாலும் கேட்டுச் சொல்ல அங்கே நேரம் இருக்காது.

மூட்டு வலி பைரசினமைடால் வருவது, யூரிக் அமிலம் கூடும், முதல் இரண்டு மாதத்தோடு அந்த மருந்து நிற்பதால் வலியும் நின்றுவிடும். கை கால் மரத்துப்போவது ஐசோநியாசிடால், அதற்கு பி6 வைட்டமின் மாத்திரை கொடுப்பார்கள். பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாவிட்டாலோ எத்தாம்பூட்டாலாக இருக்கலாம், உடனே சொல்ல வேண்டும்.

எங்கள் ஊருக்கே உரிய ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சூரை, அயலை மாதிரி மீன்கள் ஐஸ் சரியாகப் போடாமல் சில மணி நேரம் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாதாரணமாக நம் குடலில் இருக்கிற ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். ஐசோநியாசிட் அந்த நொதியைத் தடுக்கும். அதனால் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர் மரச்சீனிக் கிழங்கும் சூரைக் குழம்புமாகச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து, உடம்பு முழுக்க அரிப்பு எடுக்கலாம். வீட்டில் மற்றவர்களும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போ பழி யார் மேல் விழும்? மாத்திரை மேல்தான், "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கிடாது" என்று அன்றோடு நிறுத்திவிடுவார். மீனைச் சாப்பிடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, காசநோயாளிக்குப் புரதம் அவசியம், கடற்கரையில் கிடைக்கிற நல்ல புரதமே மீன்தான். சிகிச்சை முடிகிற வரை சூரை, அயலை வகையைத் தவிர்த்து மற்ற மீனைச் சாப்பிடுங்கள், எதுவானாலும் புது மீனாக இருக்கட்டும், இப்படி ஏதாவது வந்தால் மருந்தை நிறுத்தாமல் டாக்டரிடம் போய் என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மஞ்சள் காமாலை மட்டும் வேறு விஷயம். கண் மஞ்சளாகி, சாப்பாட்டைக் கண்டாலே வெறுத்து, வாந்தி விடாமல் இருந்தால் கல்லீரல் பாதிக்கப்படுகிறது என்று அர்த்தம். அப்போது மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் பார்த்து, கல்லீரல் தேறிய பிறகு ஒவ்வொரு மருந்தாகத் திரும்பத் தொடங்குவார்கள். நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கிற வைத்தியரிடம் போவார்கள், காமாலை இறங்கும், காசநோய் மருந்துக்குத் திரும்பிப் போவதில்லை. பயம். அந்தப் பயத்தில் தப்பு சொல்ல முடியாது, திரும்பக் கூப்பிட்டு எப்படிப் பத்திரமாகத் தொடங்குவார்கள் என்று விளக்காத நம் முறையில்தான் குறை.

குடியைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. குடிக்கிறவர்கள் மாத்திரையை அதிகம் விடுகிறார்கள் என்பது உண்மைதான், குடியும் ஐசோநியாசிடும் சேர்ந்தால் கல்லீரலுக்கு ஆபத்து கூடும் என்பதும் உண்மை. ஆனால் "குடிச்சா மாத்திரை போடக்கூடாது" என்று மட்டும் ஒருவரிடம் சொல்லி அனுப்பினால், அவர் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பார். குடிக்கிற நாளில் மாத்திரை போட மாட்டார். வாரத்தில் நாலு நாள் குடிக்கிறவருக்கு மூன்று நாள்தான் மருந்து, அதுவும் விட்டு விட்டு. கிருமிக்கு இதைவிட வசதி வேறு இல்லை, அரைகுறை மருந்தில் தப்பிப் பிழைக்கிற கிருமிகள்தான் மருந்துக்கு மசியாத கிருமிகளாகப் பெருகுகின்றன. குடியை நிறுத்த உதவி கொடுங்கள், கல்லீரல் பரிசோதனை அடிக்கடி செய்யுங்கள், அதோடு குடித்துவிட்டோமே என்பதற்காக மருந்தையும் விட வேண்டாம், வந்து உண்மையைச் சொல்லுங்கள் என்று சொல்ல வேண்டும். திட்டு விழும் என்று தெரிந்தால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

பெண்களுக்குக் கதை வேறு. மருந்து ஊழியர் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தினால் பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிறது. கல்யாணம் பேசி வைத்திருக்கிற பெண் என்றால் சொல்லவே வேண்டாம். கல்யாணமானவர் என்றால் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், "சரியானப்புறம் வரட்டும்" என்று. தாய் வீடு வேறு பஞ்சாயத்து, வேறு ஆரம்ப சுகாதார நிலையம், கொண்டுபோன மாத்திரை தீர்ந்ததும் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமலும் கேட்டால் அங்கேயும் தெரிந்துவிடுமே என்ற பயத்திலும் நின்றுபோகும். தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி என்று ஒதுக்கி வைப்பது இன்றைக்கும் நடக்கிறது. காசநோய் தட்டிலும் டம்ளரிலும் பரவுவதில்லை, இருமும்போது காற்றில் பரவுவது. ஜன்னலைத் திறந்து வைப்பது தட்டைப் பிரிப்பதைவிட ஆயிரம் மடங்கு உபயோகமானது. நான் சொன்ன அந்த அக்கா மாத்திரை அட்டையைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் புளிக்கு அடியில் வைத்திருந்தார். மாமியார் புளி எடுக்க வருகிற நாளெல்லாம் அவருக்கு நடுக்கம்தான். அண்டி ஆபீசில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்துதான் வேலை, பக்கத்தில் உட்காருகிறவள் எழுந்து தள்ளிப் போய்விட்டால் அந்த வேலையும் போயிற்று என்பது அவர் கவலை.

காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தங்க வைத்துவிடுவார்கள். இப்போது மருத்துவக் கல்லூரி இருக்கிற ஆசாரிப்பள்ளம் எங்கள் பெரியவர்களுக்கு டிபி ஆஸ்பத்திரி என்றுதான் பழக்கம். 1956ல் சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள், இப்போது அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் தலைமையில் அங்கே நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் இன்னொரு பிரிவை அவர்களுடைய நெருக்கமான, ஏழ்மையான வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959ல் வெளியான முடிவு உலகத்தையே மாற்றியது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள், வீட்டில் மற்றவர்களுக்கும் அதனால் நோய் அதிகமாகப் பரவவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட அது ஒரு பெரிய காரணம். ஆனால் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டுகொண்டார்கள். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டால் எல்லாரும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, கூட ஒருவர் இருந்து பார்க்க வேண்டும். கண் முன்னால் மருந்து கொடுக்கும் முறை உலகமெங்கும் போனதற்கு அந்தச் சென்னை அனுபவம் ஒரு வேர். முதல் பாதியை நாம் சந்தோஷமாக எடுத்துக்கொண்டோம், செலவு மிச்சம். இரண்டாவது பாதிக்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பயணப்படி வேண்டும். அதில்தான் எப்போதும் கை இழுக்கிறது. சானடோரியத்தில் சோறும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

சோற்றுக்கு வருவோம். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் பசி பிசாசு மாதிரி எடுக்கும். வீட்டில் கொடுக்க எதுவும் இல்லாவிட்டால் அந்தப் பசியும் மயக்கமும்கூட மாத்திரையை நிறுத்த ஒரு காரணமாகும். இதை அரசு புரிந்துகொள்ளாமல் இல்லை. 2018 ஏப்ரலில் நிக்ஷய் போஷண் திட்டம் வந்தது, மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்குக்கு, 2024 நவம்பரில் இருந்து 1000 ரூபாய். நல்ல திட்டம்தான், ஆனால் 2025ல் நூறு நாள் வேலைக்குக் கொடுத்த கூலிக் கணக்கில் பார்த்தால்கூட ஆயிரம் ரூபாய் என்பது ஏறக்குறைய மூன்று நாள் கூலிதான். கணக்கில் ஆதார் சேராமல், பெயரில் ஒரு எழுத்து மாறி, பணம் வந்து சேர்வதற்குள் சிகிச்சையே முடிந்துபோன ஆட்களும் உண்டு. ஜார்க்கண்டில் செய்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2023ல் வந்தது. நோயாளியின் வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து உணவுப் பொருள் கொடுத்தபோது அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது, முதல் இரண்டு மாதத்தில் எடை கூடிய நோயாளிகள் சாவதும் நன்றாகக் குறைந்தது. தமிழ்நாடு 2022ல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, நோய் கண்டுபிடித்த உடனே எடை, மூச்சு, நடமாட்டம் எல்லாம் பார்த்து, ரொம்ப மோசமாக இருப்பவர்களை உடனடியாக மருத்துவமனையில் சேர்க்கிறது. நாட்டிலேயே முதலில் இதைச் செய்த மாநிலம் நம்முடையதுதான், பெருமைப்பட வேண்டிய விஷயம். இதே மாதிரி முதல் நாளே, இவர் பாதியில் நிறுத்துவதற்கு வாய்ப்பு இருக்கிறதா என்றும் பார்க்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

மருந்து கொடுக்கிற பக்கத்திலும் தவறு நடக்கும். 2024 மார்ச் வாக்கில் நாட்டின் பல இடங்களில் காசநோய் மருந்துத் தட்டுப்பாடு வந்து, மாநிலங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ளட்டும் என்று மத்திய அரசு சொல்ல வேண்டி வந்தது. ஒரு மாத மாத்திரைக்குப் பதில் ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுத்தால், ஒரு நாள் கூலியை விட்டு வருகிறவர் மாதத்தில் நான்கு நாள் கூலியை விட வேண்டும். ஒரு நாளும் தவறக் கூடாது என்று இத்தனை நாள் சொன்னவர்களே மருந்து இல்லை, அடுத்த வாரம் வா என்று சொன்னால், அப்போ தவறினால் பெரிசா ஒன்றும் ஆகாது போல என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும்.

சர்க்கரை உள்ளவர்கள் இங்கே நிறைய. ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும், சர்க்கரை ஏறும், டிபி மாத்திரைதான் காரணம் என்று நிறுத்துவார்கள். சர்க்கரை மருந்தின் அளவைத்தான் மாற்ற வேண்டும். அப்புறம், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ திருவனந்தபுரத்திலோ தனியாரிடம் தொடங்கி, கையில் காசு தீர்ந்ததும் நிறுத்துகிறவர்கள். தனியார் டாக்டரிடமே பார்த்துக்கொண்டு மருந்தை மட்டும் அரசிடம் இலவசமாக வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் முதல் நாள் கேட்க வேண்டிய கேள்விகள் தானாகவே வந்துவிடுகின்றன. என்ன தொழில், எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், அடுத்த தங்கல் எப்போது, எத்தனை நாள், கேரளாவுக்கு வேலைக்குப் போவீர்களா, வீட்டில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக் கூடாது, மருந்தை எங்கே வைத்துக்கொள்வீர்கள், குடிப்பீர்களா, என்ன மீன் சாப்பிடுவீர்கள். கால் மணி நேரம் ஆகும். ஜூலை மூன்றாம் வாரம் மேற்குக் கடலோரத்தில் சிகிச்சையில் இருக்கிற ஒவ்வொரு மீனவரையும் கூப்பிட்டு, படகு ஏறும் முன் 45 நாளோ 60 நாளோ மாத்திரையை அட்டையில் இருந்து பிரித்து, சாதாரண டப்பாவில் போட்டு, ஈரம் படாமல் கட்டிக் கொடுத்து அனுப்பலாம். மருந்து கொடுக்கும் விதியில் இதற்கு இடம் இல்லை என்றால் கடலோர மாவட்டங்களுக்காக விதியைத் திருத்த வேண்டும். பங்குத்தந்தை, ஊர்க்கமிட்டி, படகு உரிமையாளர் இவர்களில் நோயாளி யாரை நம்புகிறாரோ அவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பது நோயாளியாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே நிறுத்தியவர் யாராவது இதைப் படித்தால், அல்லது உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இதை மட்டும் கேளுங்கள். மிச்சம் இருக்கிற பழைய மாத்திரையைத் தானாக எடுத்துப் போட ஆரம்பிக்க வேண்டாம். ஒரு நாள் இரண்டு நாள் தவறியது என்றால் மறுநாள் வழக்கம்போல் போடுங்கள், சேர்த்து இரட்டிப்பாகப் போடக் கூடாது. வாரக்கணக்கில் நின்றுவிட்டது என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிப்பள்ளத்துக்கோ போய் நிறுத்திவிட்டேன் என்று சொல்லுங்கள், சளியைப் பரிசோதித்து, ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்பதையும் சில மணி நேரத்தில் பார்த்துச் சொல்லிவிடும் கருவிகள் இப்போது இருக்கின்றன. கட்டுப்படாத வகை என்று வந்தாலும் பழைய நிலைமை இல்லை. முன்பெல்லாம் அதற்கு ஒன்றரை, இரண்டு வருஷம், காது கேட்காமல் போகும் அளவுக்கு ஊசி, 2024ல் நம் நாட்டில் அனுமதித்த பெடாகுயிலின் சேர்ந்த புதிய மருந்துக் கூட்டில் பலருக்கு ஊசியே இல்லாமல் ஆறு மாதத்தில் முடிகிறது. வேலைக்காகக் கொச்சியில் இருக்கிறீர்கள் என்றால் அங்கேயே அரசு மருத்துவமனையில் தொடரலாம், காசநோய்ப் பதிவில் உங்களுக்குக் கொடுத்த நிக்ஷய் எண் நாடு முழுக்க ஒன்றுதான். 1800116666 என்ற இலவச எண்ணில் கேட்டால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். சிகிச்சை அட்டை தொலைந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, பெயரையும் அப்போது கொடுத்த செல்போன் எண்ணையும் சொன்னால் பதிவைத் தேடி எடுத்துவிடலாம்.